உலகத்து அடுப்பங்கரைகள் – 17: உப்பும் புகையும் நிலவறையும்

சென்ற இதழில் ஜெர்மானியரின் ரை ரொட்டியைப் பற்றிச் சொல்லி நிறுத்தினோம். அந்த ரொட்டிக்கு அடுத்தபடியாக அந்நாட்டு மேசையை ஆண்டுவரும் மூன்று பதார்த்தங்களை, அதாவது ஸவர்கிரௌட் எனப்படும் புளிக்க வைத்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி ஆகியவற்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் ஜெர்மானியர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், இன்றைக்குக் கிழங்கும் கோசும் பன்றியும், நாளைக்குப் பன்றியும் கோசும் கிழங்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சமையலுக்கு வயிற்றை நிரப்பும் உத்தேசம் உண்டே தவிர நாவை மகிழ்விக்கும் உத்தேசம் இல்லை என்பது அவர்களுடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் சமையலை அடுப்பின் மேல் தேடுகிறார்கள். அங்கே அதில் பாதிகூட நடப்பதில்லை. இந்த மூன்று பொருள்களுக்கும் வேண்டிய பக்குவமெல்லாம் இலையுதிர் காலத்திலேயே, உப்புச் சாடியிலும் புகைக்கூண்டிலும் நிலவறை இருட்டிலும் முடிந்துவிடுகிறது. ஜனவரி மாதத்துக் கடுங்குளிரில் அடுப்பை மூட்டுகிற இல்லத்தரசி செய்வதெல்லாம், முன்பே பக்குவமாகிவிட்ட மூன்றையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைப்பதுதான்.

அந்நாட்டின் சீதோஷ்ணத்தை மறந்துவிட்டு அதன் சமையலை விளங்கிக்கொள்ள முடியாது. நவம்பரில் கறுத்துப்போகும் தோட்டம் மறுபடி பச்சை காட்ட ஏப்ரல் ஆகும். இடைப்பட்ட மாதங்களில், ரயிலும் குளிர்பதனப் பெட்டியும் வருவதற்கு முந்திய காலத்தில், ஒரு குடியானவன் வீட்டில் கீரை காய்கறி என்று ஏதாவது இருந்தால் அது பீப்பாயில் ஊறிய கோசு. கிழங்கு என்று இருந்தால் அது நிலவறையில் குவித்தது. மாமிசம் என்று இருந்தால் அது புகைபோக்கிக்குள் தொங்கியது. ருசி பிற்பாடு வந்தது. முதலில் வந்தது சேமிப்பு. ஆனால் சேமிப்புக்காகச் செய்த காரியமே ருசியைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதுதான் இதில் உள்ள விசேஷம். கெடாமல் இருக்கவேண்டுமென்று கோசில் போட்ட உப்பு அதைப் புளிக்கச் செய்தது. கெடாமல் இருக்கவேண்டுமென்று இறைச்சிக்குக் காட்டிய புகை அதற்கு மணம் ஊட்டியது. அந்தப் புளிப்பும் அந்தக் கொழுப்பும் எதிரெதிராக வந்து நிற்கும் தட்டில், தனக்கென்று உரத்த சுவை ஏதுமில்லாத கிழங்கு மத்தியஸ்தம் செய்ய அமர்ந்தது.

கோசிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியில் கோசு விளையும் பிரதேசங்கள் பல; இரண்டைச் சொன்னால் போதும். வடக்கே, வடகடலை ஒட்டிய டித்மார்ஷன் என்னும் தாழ்நிலத்தில், கரைகட்டிக் கடலிடமிருந்து மீட்ட களிமண் பூமியில், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 கோடி கோசு விளைகிறது என்கிறார்கள். செப்டம்பரில் முதல் கோசை அறுப்பதையே அங்கே ஒரு விழாவாக்கி வைத்திருக்கிறார்கள். தெற்கே, ஷ்டுட்கார்ட் நகரத்தை அடுத்து, ஃபில்டர் என்னும் மேட்டுச் சமவெளி இருக்கிறது. அங்கே விளையும் கோசு உருண்டையாக இராமல் உச்சி கூம்பி நிற்கும்; இலை மெல்லியது, நரம்பு தடிப்பற்றது, புளிக்க வைப்பதற்கு இதற்கு மேற்பட்ட ஜாதி உலகத்தில் இல்லை என்று ஸ்வாபியா எனப்படும் அந்தப் பகுதியார் சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்தக் கூர்நுனியே அதற்குப் பகையாயிற்று. ஆலை யந்திரத்துக்கு வாகானது உருண்டைக் கோசு. கூம்புக் கோசின் தண்டைக் கையால் அகற்றவேண்டியிருப்பதால் ஆலைக்காரர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு ஷ்டுட்கார்ட் விமான நிலையமும் அதே சமவெளியின் மீதுதான் பரந்து கிடக்கிறது. நல்ல விளைநிலத்தின் மேல் ஓடுபாதை போடுவதில் ஐரோப்பியர் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். இவ்வளவுக்கும் தப்பிப் பிழைத்த கோசுக்கு, அக்டோபர் மாதத்தில் லைன்ஃபெல்டன்-எக்டர்டிங்கன் என்னும் ஊரில் ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள்.

முற்காலத்தில் கோசு சீவுவது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. ஆஸ்திரியாவின் மோண்டஃபோன் என்னும் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து, இலையுதிர் காலம் பிறந்ததும், வரிசையாக அலகு பதித்த நீண்ட சீவுபலகையை முதுகிலே சுமந்துகொண்டு தொழிலாளர்கள் புறப்பட்டுத் தென்ஜெர்மனியில் ஊர் ஊராக வருவார்கள். வீடு வீடாகச் சென்று அந்தந்த வீட்டுப் பீப்பாய்க்கு வேண்டிய கோசைச் சீவிக் கொடுத்துக் கூலி பெற்றுப் போவார்கள். சீவிய கோசை மிதிப்பதற்குக் கால்களைத் தேய்த்துக் கழுவிய பிள்ளைகளைப் பீப்பாய்க்குள் இறக்கிவிடுவதும் உண்டு. சுகாதாரம் பேசுகிறவர்கள் முகம் சுளிக்கலாம். பிற்பாடு அந்தப் பீப்பாயில் ஏறும் புளிப்புக்கு முன்னே எந்தக் கிருமியும் நிற்காது என்பது அந்த மக்களுக்கு அநுபவத்தால் தெரிந்திருந்தது.

ஃபில்டர் சமவெளியில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்தபோது இந்தக் காரியம் முழுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் பீப்பாயை விட்டுச் சாடிக்கு வந்துவிட்டவர். மற்றபடி தம் மாமியார் காட்டிக்கொடுத்த முறையில் ஓர் அணுவும் பிசகாதவர். கோசை இரண்டாகப் பிளந்து, கத்தி முனையைச் சுழற்றித் தண்டைத் தோண்டி எடுத்துவிட்டு, பலகையின் மேல் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, கீழே வைத்திருந்த தொட்டியில் வெண்ணூல் போன்ற சீவல் குவிந்துகொண்டே வந்தது. நான் உதவியாக இருக்கட்டும் என்று உப்பை ஒரு கை அள்ளினேன். “கையால் அல்ல, தராசில்” என்று சொல்லி என் கையிலிருந்ததைத் திரும்ப ஜாடியில் கொட்டச் செய்தார். பத்துக் கிலோ கோசுக்கு 200 கிராம் முதல் 250 கிராம் வரை. அதற்குக் குறைந்தால் கோசு குழைந்துபோகும், மிகுந்தால் புளிப்பு ஏறாமல் கரிக்கும் என்பது அவர் கணக்கு. ஓர் அடுக்குக் கோசு, அதன் மேல் தூவிய உப்பு, அதன் மேல் மீண்டும் கோசு என்று சாடியில் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கனத்த மர உலக்கையால் இடித்தார். முதலில் சருகை மிதிப்பது போன்ற சப்தம் வந்தது. சற்றுப் பொறுத்து அது சேற்றில் கால் புதையும் சப்தமாக மாறியது. உலக்கையைத் தூக்கும்போதெல்லாம் நுரைத்த நீர் பக்கங்களில் வழிந்து உள்ளே இறங்கிற்று. ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியிலிருந்து ஊற்றவில்லை. ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு நீரேயாகிய கோசிலிருந்து, உப்பும் உலக்கையுமாகச் சேர்ந்து அந்த நீரை வெளியே வரவழைத்துவிட்டன.

நீர் கோசுக்கு மேல் நின்றதும், முழு இலைகளைப் போர்த்தி, இரண்டு அரைவட்டக் கற்களை மேலே பாரமாக வைத்தார். சுண்ணாம்புக் கல்லை மட்டும் வைக்கக்கூடாது, புளிப்பு அதை அரித்து உப்புச் சப்பற்ற கோசாக்கிவிடும் என்றார். சாடியின் வாயைச் சுற்றி ஒரு சிறு அகழி அமைந்திருக்கிறது. மூடியை அந்த அகழியில் பொருத்தி நீர் ஊற்றிவிட்டால், உள்ளே உண்டாகும் வாயு குமிழியிட்டு வெளியேறலாமே தவிர, வெளிக்காற்று உள்ளே புக முடியாது. இரண்டொரு நாள் சென்றதும் இரவில் சமையலறைப் பக்கமிருந்து விட்டு விட்டு ஒரு குமிழி வெடிக்கும் சப்தம் கேட்கத் தொடங்கிற்று. அந்தச் சப்தம் ஓய்ந்த பிறகு சாடி நிலவறைக்கு இறங்கும். மேற்கொண்டு நாலைந்து வாரம் அதைத் திறப்பதற்கு யாருக்கும் அநுமதி இல்லை.

சாடிக்குள் நடப்பது ஒரு வாரிசுரிமைச் சண்டை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். உப்பும் காற்றின்மையும் சேர்ந்து அழுகலை உண்டாக்கும் கிருமிகளை முதலிலேயே அடக்கிவிடுகின்றன. பிறகு லூகனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் ஆட்சிக்கு வந்து, கோசின் சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. தான் உண்டாக்கிய புளிப்பைத் தானே தாங்கமாட்டாமல் சில நாளில் ஒடுங்கிவிடுகிறது. அதன்பின் மேலும் புளிப்பைத் தாங்கவல்ல லாக்டோபாசிலஸ் வகையார் வந்து மிச்ச வேலையை முடிக்கிறார்கள். முதலில் வந்து மறையும் அந்த லூகனாஸ்டாக் நமக்கு அந்நியமானதல்ல. இரவு கரைத்து வைத்த இட்லி மாவைக் காலையில் பொங்கி நிற்கச் செய்வதும் பிரதானமாக அதே நுண்ணுயிர்தான். நம் வெப்பத்தில் ஓர் இரவில் முடிகிற காரியத்தை அங்கே குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் நீட்டுகிறார்கள்; புளிப்பு மெல்ல மெல்ல ஏறுவதால்தான் கோசு குழையாமல் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கிறது.

இந்தப் பதார்த்தத்துக்குக் கடற்படைச் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. 1768-ல் எண்டவர் கப்பலில் பசிபிக் சமுத்திரத்தை நோக்கிப் புறப்பட்ட ஜேம்ஸ் குக், மாலுமிகளைக் கொன்றுவந்த ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், சுமார் 7,800 பவுண்டு புளித்த கோசை ஏற்றிச் சென்றார். ஆங்கில மாலுமிகள் அதைத் தொட மறுத்தார்கள். குக் சவுக்கை எடுக்கவில்லை. அதிகாரிகளின் மேசைக்கு நாள்தோறும் அதைப் பரிமாறச் செய்துவிட்டு, மற்றவர்கள் விரும்பினால் சாப்பிடலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று அறிவித்தார். மேலதிகாரிகள் விரும்பி உண்பதைக் கண்ட மாலுமிகளுக்கு அது தேவாமிர்தமாகத் தோன்றத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் கப்பலில் உள்ள எல்லாருக்கும் அளந்து கொடுக்கவேண்டிய நிலைமை வந்துவிட்டதாக அவரே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். வைட்டமின் சி என்பது இன்னதென்று அறியாத காலத்தில், அதை ஓரளவு காப்பாற்றி வைக்கும் உணவை அவர் தேர்ந்தெடுத்தார். மனித சுபாவத்தை அறிந்த அளவுக்கு அவர் ரசாயனம் அறிந்திருக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

இனி உருளைக்கிழங்கு. ஜெர்மானியர் என்றால் கிழங்கு என்று இன்று உலகம் பேசினாலும், அந்தத் தட்டில் அதுதான் கடைசியாக வந்து உட்கார்ந்த விருந்தாளி. தென்னமெரிக்க ஆண்டீஸ் மலையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து நெடுங்காலம் வரை அது தாவரத் தோட்டங்களில் பூவுக்காக வளர்க்கும் வேடிக்கைச் செடியாகவே இருந்தது; குடியானவர்கள் அதை நம்பவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் 1756-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், கிழங்கின் பிரயோஜனத்தைக் குடிமக்களுக்கு விளக்கி, கிடைத்த இடத்தில் எல்லாம் பயிர்செய்யத் தூண்டவேண்டும் என்று கட்டளையிட்டார். மன்னர் தம் கிழங்கு வயலுக்குக் காவற்காரர்களை நிறுத்தி, விலையுயர்ந்த பொருள் போலும் என்று ஜனங்கள் திருடிச் செல்லும்படி செய்தார் என்பது செவிவழிக் கதை. இதே கதையைப் பிரெஞ்சுக்காரர் தங்கள் நாட்டில் கிழங்கைப் பரப்பிய பார்மாந்தியே பேரிலும் சொல்லிக்கொள்வதால், இரண்டையும் நம்பாமல் விடுவதே உத்தமம். 1770-க்குப் பிறகு இரண்டொரு ஆண்டுகள் தானியம் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, அரச கட்டளையால் ஆகாத காரியம் பசியால் ஆயிற்று. போட்ஸ்டாம் நகரத்தில் சான்சூசி மாளிகையை ஒட்டிய தோட்டத்தின் மேல்படித்தளத்தில் உள்ள அந்த மன்னரின் எளிய கல்லறையின் மேல் இன்றும் வருவோர் போவோர் பூவுக்குப் பதிலாகக் கிழங்குகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கிழங்கு எவ்வளவு தூரம் அவர்கள் உயிர்நாடியாகிவிட்டது என்பதை முதல் மகாயுத்தம் காட்டிற்று. 1916-ல் ஈரமான பருவத்தாலும் கருகல் நோயாலும் கிழங்கு விளைச்சல் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. பிரிட்டிஷ் கடற்படை துறைமுகங்களை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் மாட்டுத் தீவனமாகப் பயிரிட்ட டர்னிப் கிழங்கையே சூப்பாகவும் ரொட்டியாகவும் ஜாமாகவும் ஜனங்கள் உண்டு கழிக்க நேர்ந்தது. அதனாலேயே அந்தத் தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் அந்த டர்னிப்பைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

பன்றியைப் பற்றி எழுதும்போது சைவ வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அதை விட்டால் இந்தக் கட்டுரை மூன்றில் ஒரு கால் முறிந்து நிற்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களே பன்றி அடிக்கும் பருவம்; குளிர் வந்துவிட்டதால் இறைச்சி கெடாது, தீவனம் குறைந்துவிட்டதால் பன்றியை மேலும் வைத்துக் காப்பதும் கட்டாது. அடித்த அன்றைக்கே கொப்பரையில் வெந்ததை அக்கம்பக்கத்தாரை அழைத்து உண்பார்கள். இரத்தம், ஈரல், குடல் எதுவும் வீண்போவதில்லை. சில ஊர்களில் உணவு விடுதிக்காரர்கள் இன்று நம்மிடம் அந்த விருந்து உண்டு என்பதற்கு அடையாளமாக, காற்றடைத்த பன்றி மூத்திரப்பையை வாசலில் தொங்கவிடுவது வழக்கம். மிஞ்சியதை உப்பில் புரட்டிப் பல நாள் ஊறவைத்துப் பிறகு புகைக்கூண்டில் தொங்கவிடுவார்கள். அவ்வாறு பதப்பட்ட, சதை சிறிதும் கொழுப்பு பெரிதுமாய் உள்ள பாளத்துக்கு ஷ்பெக் என்று பெயர். ஆங்கிலேயர் காலை உணவில் காணும் பேக்கனுக்கு அது தமையன் முறை. கருங்கானகம் என்று பேர் பெற்ற தென்மேற்கு மலைப்பகுதியில் ஊசியிலை மரத்தின் புகையைக் காட்டுகிறார்கள். அதனால் அங்கத்திய தொடைக்கறி வெளியே கரியாகவும் உள்ளே மாதுளை நிறமாகவும் பிசின் மணத்தோடு இருக்கும். மற்ற இடங்களில் பீச் மரத்துப் புகையே பிரசித்தம். பன்றி இறைச்சியை வேகவைக்காமலே உண்ணும் ஆசைக்கு விலை கொடுத்த காலமும் உண்டு. 1865-ல் ஹெடர்ஸ்லேபன் என்னும் ஊரில், பன்றித் தசையில் வாழும் டிரிக்கினா புழுவால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றுப் பலர் மாண்டார்கள். டாக்டர் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்னும் பேரறிஞர், அடித்த பன்றி ஒவ்வொன்றின் இறைச்சியையும் நுண்ணோக்கியில் பரிசோதிக்க வேண்டும் என்று விடாமல் வாதாடி, அந்தப் பரிசோதனை சட்டமாவதற்கு வழிகோலினார்.

இவ்வளவும் ஆனபின் அடுப்புக்கு வருவோம். அந்தக் கிராமத்து அம்மாள் செய்த வறுத்த கிழங்கைப் போல் வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. அதன் ரகசியம் முந்தின நாளில் இருந்தது. ஜெர்மானியக் கடையில் கிழங்கு மூட்டையின் மேலேயே, வெந்தாலும் உருக் குலையாதது, மாவாக உதிர்வது, இரண்டுக்கும் நடுத்தரமானது என்று ஜாதி குறித்திருக்கும். வறுவலுக்கு உருக் குலையாத ஜாதியே ஆகும். அதை முதல் நாள் தோலோடு வேகவைத்து, ஆறவிட்டு, இரவெல்லாம் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்; அன்றன்று வேகவைத்த கிழங்கு சட்டியில் உடைந்து கூழாகும். மறுநாள் தோலுரித்து, அரை சென்டிமீட்டர் தடிப்பில் வில்லை போட வேண்டும். கனத்த இரும்பு வாணலியில் முதலில் ஷ்பெக்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, தீயைத் தணித்து, அதன் கொழுப்பு உருகித் தானே தன்னில் வறுபட்டுப் பொன்னிறமாகும் வரை காத்திருந்து, துண்டுகளை மட்டும் அரித்தெடுத்துத் தனியே வைத்துவிடுவார். அந்த நெய்யில் கிழங்கு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பியதும், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு பேச வந்துவிட்டார். புரட்ட வேண்டாமா என்று நான் தவித்தேன். “தொட்டால் கெட்டது, அதுவே சட்டியை விட்டுவிடும், அப்போது திருப்பலாம்” என்றார். அடி சிவந்து ஓடு கட்டியதும் கிழங்கு தானாகவே வழுக்கத் தொடங்கிற்று. ஒரே தடவை திருப்பினார். வெங்காயம் எளிதில் கருகுமாகையால் அது பிற்பாடுதான் சேர்கிறது. எடுத்துவைத்த ஷ்பெக் துண்டுகளும், நம் பூக்காரிகள் சரத்தில் வைத்துக் கட்டும் மருவின் உலர்ந்த இலையும், மிளகுத்தூளும், உப்பும் கடைசியில். பச்சைக் கிழங்கையே வில்லை போட்டு வறுப்பதுதான் சரியான முறை என்று வாதாடும் கட்சியும் அந்நாட்டில் உண்டு. அக்கட்சியார் வீட்டில் உண்ணும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை.

கோசை வேகவைப்பது வேறு விதமான சிரத்தையைக் கேட்கிறது. பன்றி நெய்யில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, சாடியிலிருந்து எடுத்த கோசைப் பிரித்துப் போட்டு, நாலைந்து ஜூனிபர் காய்களை நசுக்கியும், ஒரு லாரல் இலையும், இரண்டு கிராம்பும், கொஞ்சம் சீமைச்சீரகமும் சேர்த்து, இறைச்சி வெந்த சாற்றையோ வெள்ளைத் திராட்சை மதுவையோ கோசு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மூடி, முக்கால் மணி முதல் ஒரு மணி வரை சிறு தீயில் விட வேண்டும். ஒரு துண்டு ஷ்பெக்கையோ, உப்பிட்டுப் புகையூட்டிய விலாக்கறியையோ அதற்குள் புதைத்துவிட்டால், இறைச்சி தன் கொழுப்பைக் கோசுக்குக் கொடுத்துக் கோசின் புளிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும். புளிப்பு அதிகம் என்று அஞ்சி, கோசைத் தண்ணீரில் பலமுறை அலசிப் பிழிந்து போடுகிறவர்கள் உண்டு. அத்தனை வாரம் சாடிக்குள் விளைந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வெறும் சக்கையை வேகவைப்பதற்கு, சந்தையில் புதுக்கோசு வாங்கியிருக்கலாம். ஒரு புளிப்பு ஆப்பிளைத் துருவிப் போட்டால் போதும். இறக்குவதற்குச் சற்று முன்பு ஒரு பச்சை உருளைக்கிழங்கைத் துருவிச் சேர்த்தால் நீர் இறுகிக் கோசு பளபளப்பாகிவிடும். இவ்வாறு செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவதும் விவேகமல்ல. மறுநாள் சுடவைத்தால் அதன் ருசி கூடும். வில்ஹெல்ம் புஷ் 1865-ல் வெளியிட்ட மாக்ஸ், மோரிட்ஸ் என்னும் இரு குறும்புப் பையன்களின் சித்திரக் கதையில், போல்ட்டே என்ற கைம்பெண் தனக்கு மிகவும் பிடித்த சுடவைத்த கோசுக்காகவே தட்டை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்குகிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் பையன்கள் புகைபோக்கி வழியாகத் தூண்டில் போட்டு, அடுப்பில் வறுபடும் கோழிகளை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதையைப் படிக்காத ஜெர்மானியக் குழந்தை அபூர்வம்.

ஊருக்கு ஊர் உள்ள பேதங்களை எல்லாம் சொல்லப் புகுந்தால் இதழ் போதாது. பெர்லினில் உப்பிட்ட பன்றிக் கணுக்காலை வேகவைத்துக் கோசோடும் பட்டாணி மசியலோடும் வைப்பார்கள். பவேரியாவில் அதே காலைத் தோல் மொறுமொறுக்கும்படி வாட்டுவார்கள். நியூரம்பர்க்கில் விரல் நீளமே உள்ள சிறு சாஸேஜ்களைப் பீச் விறகுக் கனலில் சுட்டு, ஆறாகவோ எட்டாகவோ பத்தாகவோ எண்ணித் தகரத் தட்டில் கோசின் மேல் அடுக்கித் தருவார்கள். ஸ்வாபியாவில் மாவாக உதிரும் கிழங்கை மசித்து, கோதுமை மாவும் முட்டையும் ஜாதிக்காய்த் தூளும் சேர்த்துப் பிசைந்து, இரு நுனியும் கூம்பும்படி உள்ளங்கையில் உருட்டி, கொதிநீரில் இட்டெடுத்து, ஷ்பெக்கோடும் கோசோடும் ஒரே வாணலியில் பொரிப்பார்கள். இது ஒன்றில் மூன்று பொருளும் முற்றாகக் கலந்துவிடுகின்றன. திருவிழாக்களில் காகிதத் தட்டில் ஏந்தி நின்றுகொண்டே தின்பதற்கு இதைவிட உகந்தது இல்லை.

ராஜதந்திரிகளும் இந்தச் சமையலிலிருந்து தப்பவில்லை. நெடுங்காலம் ஜெர்மனியின் பிரதம மந்திரியாயிருந்த ஹெல்முட் கோல், தம் சொந்த பலாட்டினேட் பிரதேசத்து உணவில் அளவற்ற பற்றுடையவராயிருந்தார். அங்கே பன்றி இரைப்பையைச் சுத்தம் செய்து, இறைச்சியும் கிழங்குத் துண்டும் மருவும் கலந்து அடைத்து வேகவைத்து, வில்லையாக அரிந்து வறுத்து, கோசோடு பரிமாறுவது வழக்கம். வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் டைடெஸ்ஹைம் என்னும் திராட்சைத் தோட்டத்துச் சிற்றூருக்கு அவர்களை அழைத்துச் சென்று அங்குள்ள ஓர் உணவு விடுதியில் அந்தப் பதார்த்தத்தை உண்ணச் செய்வார். 1989-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் மார்கரெட் தாச்சர் அம்மையாரும், பிற்பாடு கோர்பசேவும் அந்த உபசாரத்துக்கு ஆளானவர்கள். அதைக் கேலி செய்த பத்திரிகைகள் பல. ஆனால் அந்த உணவு விடுதியில் இன்றைக்கும் அதற்காகவே இடம் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் டின்னிலும் பையிலும் வரும் கோசைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் சூடேற்றிக் கிருமி நீக்கியது. சமைப்பதற்குத் தாராளமாக ஆகும், ஆனால் பச்சையாகத் தின்பதற்குச் சுவை போதாது. வாரச் சந்தையில் கோசுக்காரன் பீப்பாயிலிருந்து மரக்கவையால் எடுத்து நிறுத்துக் கொடுப்பதை, வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இரண்டு விரலால் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனிக்குப் பக்கத்திலேயே, பிரெஞ்சு எல்லைக்கு அப்பால் உள்ள அல்சாஸில், இதே கோசைக் கொண்டு இதைவிட ஆடம்பரமான ஒரு விருந்தைச் சமைத்து, அது எங்களுடையது என்று பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த வழக்கை அடுத்த இதழில் விசாரிப்போம்.